எல்லா ஊரிலும் ஒரே காலண்டர்

கருவேலம்பாளையத்தில் சம்பூரணம் செய்த கார் பேசியது என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் தப்பாகச் சொல்லித் திரிகிறார்கள். கார் பேசவில்லை, கார் எப்படிப் பேசும், காருக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர்தான் பேசினார், அதுவும் அவள் அவருக்குப் பல் வைத்துவிட்டதால் பேசினார். பல் வைக்காமல் விட்டிருந்தால் மற்ற பொம்மை டிரைவர்களைப் போல வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருப்பார், எங்கள் தெருவும் பழையபடி இருந்திருக்கும்.

சம்பூரணத்துக்குத் தொழில் பல் கட்டுவது. பழனி, தாராபுரம், உடுமலைப் பக்கத்துப் பல் டாக்டர்கள் ஆட்களின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், அவள் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, வேகவைத்து, தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் திருப்பி அனுப்புவாள். ஒருமுறை ஈறுக்கான ரோஸ் பவுடர் வாங்கக் கோயமுத்தூர் போனவள், கடைக்கு மேல்மாடியில் சர்ர் சர்ரென்று சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தபோது, பெரிய பலகை ஒன்றில் பள்ளம் வெட்டி, அந்தப் பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு கையளவு கார்கள் பறந்துகொண்டிருந்தன, சுற்றிலும் பெரிய ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு விசையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார்கள். அவள் ஊருக்கு வரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, மறுநாள் காலை வரும்போது பவுடரோடு ஒரு குட்டி மோட்டாரையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

மகள் சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. தச்சரைக் கூப்பிட்டு நாலு பலகையை ஒட்டி, வளைந்து வளைந்து போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்படி ஒரு பள்ளம் வெட்டச் சொன்னாள். தச்சர் அதைக் காடி என்றார், நாங்களும் காடி என்றே சொல்லப் பழகினோம். காடியின் இரண்டு கரையிலும் செம்புப் பட்டை ஒட்டிக் கரண்ட் விட்டாள். பித்தளைத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து அடிச்சட்டம் செய்தாள். மெழுகில் பழைய பியட் கார் ஒன்றின் உடம்பைச் செதுக்கி, பல்செட்டுக்கு வார்ப்பதுபோலவே வார்த்து, வாழைக்குருத்துப் பச்சையில் சாயம் அடித்தாள். ரப்பர் சக்கரங்களைப் பல் தேய்க்கும் மோட்டாரில் மாட்டி, ஒரு நூல்கூட ஆட்டமில்லாமல் உருட்டாக்கினாள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களிடம், வாய்க்குள் போகாத பொருள் ஒன்றைச் செய்து பார்க்க ஆசையாயிருக்கிறது என்றாள்.

கடைசியாக டிரைவர். இடுப்புக்குக் கீழே மோட்டார் இருக்கும் இடம் என்பதால் இந்தக் கார்களில் டிரைவருக்கு மார்புவரைதான் உடம்பு. யார் முகத்தையும் மனசில் வைக்காமல் ஒரு முகம் பிடித்தாள். வாய் லேசாகத் திறந்தமாதிரி வந்துவிட்டது. திறந்த வாயைப் பல்லில்லாமல் விட அவளுடைய கை சம்மதிக்கவில்லை, ஊசிமுனையில் ரோஸ் ஈறு பிடித்து, மேலும் கீழும் கடுகில் பாதி பாதியாகப் பல் பதித்து, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கோடு ஒட்டி, காரைக் காடியில் வைத்து விசையை மெல்ல அழுத்தினாள். முதல் சுற்று முடிந்து அவளைத் தாண்டும்போது டிரைவர், "ஏனுங்க, அடுத்தது எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

சம்பூரணம், இதே ஊர்தான் என்று உள்ளதைச் சொன்னாள். டிரைவரின் முகம் வாடியது, வளைவில் கார் தடுமாறிப் பின்பக்கம் வெளியே வீசியது, காடியை விட்டு எகிறப் பார்த்தது. அடுத்த சுற்றில் அவர் அதையே கேட்டபோது அவள் பயந்துபோய்த் தாராபுரம் என்றாள். டிரைவர் அவ்வளவு பல்லும் தெரியச் சிரித்தார், கார் வளைவில் எண்ணெய் வழுக்குவதுபோலப் போனது. அதற்கடுத்த சுற்றில் காங்கயம் என்றாள், பிறகு வெள்ளகோயில், பிறகு கரூர், இப்படிச் சொல்லிக்கொண்டே திருச்சிவரை போய்விட்ட நேரத்தில் அவளுடைய வீட்டுக்காரர் நாச்சிமுத்து கயிற்று மில்லிலிருந்து வந்து, உடம்பெல்லாம் தேங்காய்நார்த் தூசியோடு வாசலில் நின்று, யார் வந்திருப்பது என்று கேட்டார். டிரைவர் என்றாள். நாச்சிமுத்து சட்டையைக் கழற்றி உதறி, காபி கொடுத்தாயா என்று மட்டும் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த வீட்டில் தையல்காரர் மஸ்தான் மிஷின் மிதித்துக்கொண்டே சுவர்வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திருச்சிக்கு மேல் அவளுக்கு வழி தெரியாமல் திக்கியதும் அங்கிருந்தபடியே தஞ்சாவூர் என்று குரல் கொடுத்தார். மறுநாள் திருவாரூரையும் நாகப்பட்டினத்தையும் நேரிலேயே வந்து சொன்னார். அதற்கப்புறம் தெருவே வந்தது. உலை இறக்கிய பெண்கள் வந்து தாங்கள் பிறந்த ஊரைச் சொன்னார்கள், லாரிக்கார ஆட்கள் ஆந்திராவைத் தாண்டிச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர் பூகோளப் படத்தோடு வந்து பனி பெய்யும் ஊர்களையெல்லாம் சொன்னார். டிரைவருக்கு எதிலும் வித்தியாசமில்லை, பழனிக்கும் பாரிசுக்கும் ஒரே சிரிப்பு, ஒரே சுற்று, சுற்றி வந்ததும் மறுபடியும் அதே கேள்வி.

அவருக்கு ஊர் சொல்லப் போனவர்களுக்குத்தான் வித்தியாசம் வந்தது. ஓர் ஊரின் பெயரை வாய்விட்டுச் சொன்ன ஆளுக்கு அதற்கப்புறம் உட்கார முடியவில்லை. மஸ்தான் நாகூர் என்று சொன்ன மறுநாள், ஒரு கை மட்டும் தைத்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டு நாகூர் போய், கடலைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து, இன்னொரு கையைத் தைக்காமல் ஏர்வாடிக்குக் கிளம்பினார். டீக்கடைக் காளியப்பன் யாரும் உட்காராததைப் பார்த்துப் பெஞ்சுகளை எடுத்து விறகுக்குப் போட்டுவிட்டார், வியாபாரம் இரட்டிப்பானது. முடிவெட்டும் கடையில் ஒரு பக்கத்து மீசையை எடுத்ததும் ஆட்கள் எழுந்து நடந்தார்கள், ஒரு பக்க மீசையோடு போனால் பார்க்கிறவர்கள் அதுவும் ஒரு அமைப்புத்தான் என்று விட்டுவிட்டார்கள். மாடுகள் நின்று கறக்கவில்லை, கறப்பவர்கள் செம்போடு கூடவே நடந்து கறந்தார்கள். பஸ் முதலாளி பழனி வழியில் இன்னொரு வண்டி விட்டார், அதிலும் எல்லாரும் நின்றுகொண்டே போனோம். அம்மனுக்கும் ஒரே இடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை என்று பூசாரி சொன்னதால் அந்த வருசம் தேரை இரண்டு தரம் இழுத்தோம். ராத்திரிகளில் கட்டிலை அறைக்கு அறை மாற்றிப் போட்டுப் படுத்தோம். யாரும் இதை நோவு என்று நினைக்கவில்லை. இது காற்றடிக்கும் பருவம் மாதிரி ஒரு பருவம், அடிக்கிற மட்டும் அடிக்கட்டும் என்றுதான் இருந்தோம்.

எங்கும் போகாதவள் சம்பூரணம் ஒருத்திதான். அவளுடைய விரல் விசையை விட்டதும் கார் நின்றுவிடும், டிரைவர் சொல்லிக்கொண்டிருந்த சொல்லின் நடுவிலேயே உறைந்துவிடுவார், கண்ணில் வெளிச்சம் இருக்காது. மறுபடி அழுத்தினால் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார். அந்தக் கண்ணைப் பார்க்க அவளால் முடியவில்லை. மற்றவர்கள் கொஞ்ச நேரம் பிடிக்கிறோம் என்றார்கள், பிடித்தும் பார்த்தார்கள், ஆனால் எங்கள் விரலெல்லாம் கனத்த விரல், வளைவில் கார் எகிறிச் சுவரில் மோதி, டிரைவர் தலைகீழாகக் கிடந்தார், எடுத்துக் காடியில் வைத்ததும் மன்னிக்கச் சொன்னார். வேகம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவளுடைய விரலுக்குத்தான் தெரிந்தது. அதனால் அவள் விடிந்து எழுந்து அறைக்குள் போனால் விளக்கு வைக்கும்வரை அங்கேயே இருந்தாள். பல் டாக்டர்கள் போன் மேல் போன் போட்டார்கள், பழனியில் எத்தனையோ பேர் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாச்சிமுத்து மில்லுக்குப் போகும்முன் சோறாக்கி வைத்தார். மேசைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன, சிவப்புச் சிமெண்டுத் தரையில் இரண்டு இடங்களில் சாயம் போய்ச் சாம்பல் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் அறை நிறைய ஆட்கள் நிற்க, எஸ்தர் டீச்சர் ஏதோ தீவின் பெயரைச் சொல்லி முடித்ததும், டிரைவர் வழக்கம்போலச் சிரிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்தபோது, "ஏனுங்க, எல்லா ஊர்லயும் ஒரே காலண்டரத்தான் மாட்டுவாங்களா?" என்று கேட்டார்.

அரிசி மில் கொடுத்த முருகன் காலண்டர் அது, மாட்டிய நாளிலிருந்து அந்த ஆணியில்தான் தொங்கியது. எங்களில் சிலர் தரையைப் பார்த்தோம், எஸ்தர் டீச்சர் படத்தைச் சுருட்டிக்கொண்டார். கார் இன்னும் இரண்டு சுற்றுப் போனது, அவர் எதுவும் கேட்கவில்லை, அப்புறம் சம்பூரணமே விரலை எடுத்துவிட்டாள்.

ஆனால் எங்கள் தெருக்காரர்கள் அதோடு விடுகிறவர்கள் இல்லை. மறுநாளே காலண்டரைக் கழற்றினோம். கார் அந்தப் பக்கத்து வளைவில் இருக்கும்போது இந்தப் பக்கத்துச் சுவரில் மஸ்தான் ஒரு துணியைத் தொங்கவிடுவார், இங்கே வரும்போது அங்கே ஒரு துணி மாறும், நீலம் தொங்கினால் கடல், பச்சை தொங்கினால் வயல். பெண்கள் குடத்தோடு குறுக்கே நடந்தார்கள், ஒருவர் ஆட்டைப் பிடித்து வந்து நிறுத்தினார், காளியப்பன் டீ ஆற்றும் வாசனை ஒரு சுற்றுக்கும் மீன் வறுக்கும் வாசனை அடுத்த சுற்றுக்குமாக விசிறியால் வீசினோம். மூச்சு வாங்கியது, வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் அந்த நாட்களில்தான் எங்களுக்கு ஓரளவு நிம்மதியாக இருந்தது, ஓடிக்கொண்டேயிருந்ததால் ஓட வேண்டும் என்ற நினைப்பு இல்லை. டிரைவர் திரும்பவும் சிரித்தார். அறுப்புக்காலம் முடியும்வரை இது போனது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது சம்பூரணம் தனியாக விசையைப் பிடித்திருந்தாள். தொங்கிய துணி தொங்கியபடியே இருந்தது. டிரைவர் மெதுவாக வந்து, அவளுக்கு நேரே வரும்போது, "ஊரெல்லாம் மாறுதுங்க, உங்க மொகம் மட்டும் மாறலீங்களே" என்றார்.

அவள் விரலை எடுக்கவில்லை. கார் சுற்றி வந்தது.

"என்னய இந்தப் பள்ளத்த விட்டு எறக்கி உடுங்க" என்றார்.

"இந்தக் காடிலதானுங்க உங்களுக்குக் கரண்டே வருது. இத விட்டு எறங்குனா நின்னு போயிருவீங்க."

"நின்னா நிக்கறனுங்க."

"அப்பறம் பேச்சும் இருக்காது."

அவர் ஒரு சுற்றுப் போய் வந்தார். "பேசி என்னங்க பண்றது. இத்தன நாளா ஒரே வார்த்தையத்தான பேசிட்டிருக்கறன்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பாதங்களை மாற்றி மாற்றித் தரையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொத்தைப் பல்லில் அடைக்கும் பசையை நீல வெளிச்சம் காட்டி இறுக்குவதற்கு அவளிடம் ஒரு சிறு கருவி இருந்தது, அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு பேட்டரி உண்டு. மறுநாள் அதைப் பிரித்தாள்.

சேதி பரவியதும் தெருவில் பெரிய பேச்சாகிவிட்டது. காளியப்பன், டிரைவர் ஊருக்குப் பொது, அவள் ஒருத்தி முடிவெடுக்க முடியாது என்றார். எஸ்தர் டீச்சர், அந்தப் பேட்டரி எவ்வளவு தூரம் தாங்கும், வெளியே மழையும் நாயும் லாரியும் இருக்கின்றன, இது கொலைக்குச் சமம் என்று கண் கலங்கினார். டிரைவர் போய்விட்டால் எங்களுடைய இந்த அலைச்சல் என்னாகும், நின்றுவிடுமா, நின்றுவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்பதுதான் எல்லாருடைய உள்பயமும், அதை யாரும் சொல்லவில்லை. நாச்சிமுத்து அதிகம் பேசாத ஆள். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, "போகணும்ங்கறவங்களப் புடிச்சு வெக்கறதுக்கு நாம என்ன போலீசா" என்றார். கூட்டம் அதோடு கலைந்தது. சம்பூரணம் மட்டும் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை லேசாயில்லை. காடியில் ஓடிய காருக்குத் திரும்பத் தெரியாது, பள்ளம் போன பக்கம் போகும். முன்சக்கரங்களை அறுத்து, திரும்பும்படி அச்சு வைத்து, அதை ஸ்டீயரிங்கோடு ஒரு மயிரிழைக் கம்பியால் பிணைத்தாள். ஸ்டீயரிங்கோடு ஒட்டியிருந்த டிரைவரின் கைகளைப் பல் குடையும் ஊசியால் விடுவித்து, விரல்களைத் தனித்தனியாகப் பிரித்தாள். வலிக்குமோ என்று கரண்ட் கொடுக்காமலே எல்லாம் செய்தாள். காடிக்குள் நுழையும் மூக்கைக் கடைசியாக வெட்டினாள். பேட்டரியைப் பொருத்தி இணைத்ததும் டிரைவர் முதலில் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

திரும்பி வருவதற்குக் கரண்ட் மிஞ்சாது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"திரும்பி வர்றதுக்குன்னே யாராச்சும் கெளம்புவாங்களா?" என்றார்.

மழை பெய்து வெறித்த ஒரு காலையில் அவரை வாசலில் இறக்கிவிட்டாள். கோலத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு பச்சைக் கார் தெருவில் இறங்கியது, நாங்கள் எல்லாரும் பின்னால் நடந்தோம். மெயின்ரோட்டில் மஸ்தான் முன்னால் ஓடி லாரிகளை மறித்தார், லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்துக் காத்திருந்தார்கள், ஒரு பஸ்ஸிலிருந்து யாரோ பூ எறிந்தார்கள். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் நாங்கள் கையை நீட்டிக்கொண்டு ஓடினோம், அவரோ குழி எது குட்டை எது என்று பார்த்து ஒடித்து ஒடித்து ஓட்டிக்கொண்டு போனார். தெற்கே மலையைப் பார்த்துப் போகும் ரோட்டில் திரும்பியதும் ஒவ்வொருவராகக் கழன்றோம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் திரும்பினாள், எஸ்தர் டீச்சருக்குப் பள்ளிக்கூட மணி, காளியப்பனுக்குக் கடை. இதில் ஓர் அதிசயம், திரும்பி நடக்கும்போது எங்கள் கால்களுக்கு அவசரமில்லை. அன்றைக்குக் காளியப்பன் வரப்பில் கிடந்த ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடை முன்னால் போட, நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

ரயில்வே கேட்டுவரைக்கும் நாச்சிமுத்து கூட வந்தார். அங்கே மில் சங்கு கேட்டது. சம்பூரணம் வெறுங்காலோடு வந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். தன்னுடைய ரப்பர்ச் செருப்பைக் கழற்றி அவளுக்கு முன்னால் போட்டார்.

"போய்ட்டு வா புள்ள. சோத்துக்கு நான் பாத்துக்கறன்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அவர் சரளைக்கல்லில் கால் கூசக் கூசத் திரும்பி நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் நடந்தது எங்களில் யாரும் பார்க்காதது, சில மாதம் கழித்து ஆடி பிறப்பதற்குள் முகம் கறுத்துத் திரும்பி வந்த பிறகு அவளே சொன்னது. கேட்டைத் தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே ரோடு போனதாம். பெரிய செருப்பு டபக் டபக்கென்று அடிக்க அவள் பின்னால் நடந்தாளாம். டிரைவர் நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. புளிய மரங்களையும் வழியில் படுத்திருந்த எருமைகளையும் நின்று நின்று பார்த்துக்கொண்டு போனார். வாய்க்கால் மேட்டுக்கு ஏறும்போது மோட்டார் முனகத் தொடங்கியது, சக்கரம் தயங்கித் தயங்கிச் சுற்றியது. பின்னாலிருந்து ஒரு விரலால் தள்ளிவிடலாமா என்று குனிந்தாள், பிறகு வேண்டாமென்று நிமிர்ந்துவிட்டாள். அவர் மூச்சைப் பிடித்து மேட்டின் உச்சிக்கு ஏறிவிட்டார். சுற்றிலும் ஒரு வீடு இல்லை, பெயர்ப்பலகை இல்லை.

"இது எந்த ஊருங்க?" என்று கேட்டார். குரல் இழுத்தது.

அவளுக்குச் சட்டென்று எத்தனையோ பெயர் வாயில் வந்தது. "தெரியலீங்க" என்றாள்.

முன்பக்கம் பார்க்கும்படி அவள் பசைபோட்டு ஒட்டியிருந்த தலை மெதுவாக அவளைப் பார்த்துத் திரும்பியது. "எனக்குந் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார், அறைக்குள் சிரித்த சிரிப்பு இல்லை அது, கடைவாய்ப் பல்வரைக்கும் தெரிந்தது, தான் கடைவாயில் இத்தனை பல் வைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியதாம். அப்படியே மோட்டார் நின்றது. அவள் குனிந்து எடுக்கக் கையை நீட்டினாள்.

ஆனால் மேட்டுக்கு அந்தப்புறம் ரோடு சரிவு. நின்ற மோட்டாரோடு கார் ஒரு விரற்கடை நகர்ந்தது, பிறகு ஒரு சாண், பிறகு மழைத்தண்ணீர் கழுவிவிட்ட தாரில் சத்தமேயில்லாமல் இறங்கத் தொடங்கியது. அவள் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, அதை விட்டுவிட்டு ஓடினாள். காடியில்கூட அவ்வளவு வேகம் அவள் கொடுத்ததில்லை, இந்த வேகத்துக்கு அவளுடைய விரல் தேவைப்படவில்லை. முதல் வளைவில் கார் எகிறிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டாள், திறந்தபோது அது வளைவை அழகாக ஒடித்துத் திரும்பிக் கொன்றை மரங்களுக்கு அப்பால் மறைந்துகொண்டிருந்தது. மூச்சு இரைக்க நடுரோட்டில் நின்றாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பின்னால் போய்க் கழன்ற செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, ஊர்ப்பக்கம் திரும்பாமல், சரிவிலேயே இறங்கி நடந்தாள்.

அடிவாரத்தில் ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓர் அம்மா கல்லில் உட்கார்ந்து கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். சின்னதாகப் பச்சைக் கார் ஒன்று போனதா என்று சம்பூரணம் விசாரித்தாள். போனது, டிரைவர் என்னவோ கேட்டார், போன வேகத்தில் காதில் விழவில்லை என்று அந்த அம்மா சொல்லி, எந்தப் பக்கம் போனது என்று தான் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். சம்பூரணம் இரண்டு ரோட்டையும் பார்த்தாள். இரண்டும் ஈரமாக மினுங்கின. இங்கே பஸ் நிற்குமா என்று கேட்டாள்.

"கையக் காட்டுனா நிக்குமுங்க. எந்தப் பக்கம் போற பஸ்ஸு வேணும்?"

"எது மொதல்ல வருதோ அது" என்றாள் சம்பூரணம்.

அந்த அம்மா அதில் விசேஷம் ஒன்றும் காணவில்லை. கூடையை இழுத்து ஓரமாக வைத்து, கல்லில் இடம் விட்டார்.